இடம் மாறுவோர் இல்லத்தில் ஒழுங்கு

நம் முன்னோர் கட்டிய வீடுகளில் சாமான்களின் இருப்பிடம் சுவரும் கூரையுமே. விளக்குக்கு மாடக்குழி, தயிர்ச்சட்டிக்கு உறி, மடித்துணிக்கு உயரத்தில் கட்டிய மூங்கிற்கொடி, விசேஷ நாள் பாத்திரங்களுக்குப் பரண், நெல்லுக்குப் பத்தாயம் என்று கொத்தனும் தச்சனும் வீடு எழும்பும்போதே ஒவ்வொன்றுக்கும் இடம் வகுத்துவிட்டார்கள். தரை மனிதருக்கு உரியதாக இருந்தது. அதனால்தான் கூடத்தில் இருபது பேர் இலை போட்டு உண்ணவும், இரவில் பத்துப் பேர் பாய் விரித்துப் படுக்கவும் முடிந்தது.

தில்லிக்கு மாற்றலாகி வந்து இரண்டறை வீடொன்றில் குடியேறும் தமிழ்க் குடும்பம் இதற்கு நேர்மாறான நிலையைக் காண்கிறது. சுவர்கள் வெறுமையாக நிற்கின்றன. ஆணி அடிக்கலாகாது என்பது வீட்டுக்காரர் இடும் முதற்கட்டளை. ஆகவே சாமான்கள் யாவும் தரைக்கு இறங்கிவிடுகின்றன. கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டிகள், பெட்டிகளின்மேல் மூட்டைகள், மூலையில் ஈரமாவு அரைக்கும் கிரைண்டர், அதன்மேல் குடைகள், கதவுக்குப் பின்னால் அடுத்த மாற்றலுக்கென்று காத்துவைத்த அட்டைப்பெட்டிகள். ஐந்து பேர் வாழும் வீட்டில் நடமாட எஞ்சுவது ஓர் ஒற்றையடிப் பாதை. முதியோர் இரவில் கால் இடறி விழுவதும், குழந்தை எழுதுவதற்கு இடமின்றி மெத்தைமீது நோட்டை வைத்து எழுதுவதும், பெட்டிச் சந்தில் கொசு குடியேறுவதும் இதன் விளைவுகள்.

அலமாரி வாங்கினால் தீராதா எனலாம். ஓரளவு தீரும். ஆனால் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் ஊர் மாறவேண்டியவர்களுக்குக் கனமான மரச்சாமான் ஒரு சுமை. ஒட்டுப்பலகையாலான பெட்டிக்கட்டில் இங்கே வழக்கமாக விற்கப்படுகிறது. அதில் ரஜாய்களை வைத்துக்கொள்ளலாம் என்பது மெய்யே. ஆயினும் ஒருமுறை கழற்றி லாரியில் ஏற்றி இறக்கி மீண்டும் பூட்டினால், திருகாணி பிடித்திருந்த துளைகள் தளர்ந்து கட்டில் முனகத் தொடங்குகிறது. அடிக்கடி இடம் மாறுவோர் அதைத் தவிர்ப்பதே நலம் என்பது நம் கருத்து. அதற்கு மாறாக, குறைந்த செலவில் நாமே செய்துகொள்ளக்கூடியனவும், பிரித்து எடுத்துப்போகக்கூடியனவுமான சில ஏற்பாடுகளை இங்கே விளக்க முற்படுகிறோம். தில்லியின் வெயிலையும் குளிரையும் மனத்திற்கொண்டே இவை கூறப்படுகின்றன. மும்பையிலும் கொல்கத்தாவிலும் வசிப்போருக்குக் குளிர்ப் பகுதி வேண்டாததாக இருக்கலாம், மற்றவை பொருந்தும்.

கைக்குக் கிட்டியதைக் கொண்டு காரியத்தை முடிக்கும் சாமர்த்தியத்தை வடநாட்டார் ‘ஜுகாட்’ என்கிறார்கள். மொழிபெயர்ப்பிலேயே காலங்கழிக்கும் நமக்கு இதற்கு நேர்ச்சொல் தேடுவது ஒரு பொழுதுபோக்கு. ‘ஒப்பேற்றுதல்’ என்று சொல்லலாம். ஆனால் தமிழில் அந்தச் சொல்லுக்கு ஓர் இளக்காரம் உண்டு. கீழே சொல்லப்போகும் வேலைகள் ஒப்பேற்றல்கள் அல்ல. அளந்து, அறுத்து, இழைத்துச் செய்தால் பத்தாண்டு நிற்கக்கூடியவை.

கருவிகள் பல வேண்டா. அளவுநாடா, சுத்தி, திருப்புளி, சிறிய கைவாள், இரண்டு மூன்று தரத்தில் உப்புத்தாள் ஆகியவை போதும். இவற்றோடு, ஐந்தாறு அடி நீளமுள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று இருக்கட்டும். அதில் நீரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமற்செய்து, இரு முனைகளையும் சுவரில் பிடித்தால் இரு பக்கத்திலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கொத்தனார்கள் தளமட்டம் பார்ப்பது இவ்வாறுதான். கண்ணை நம்பிப் பலகை பொருத்தியவர் வீட்டில் பலகை சாய்ந்தே இருக்கும். ஏனெனில் பல பழைய குடியிருப்புகளில் தரையே மட்டமாக இல்லை. பலகையை அறுப்பதில் பழக்கமில்லாதவர்கள் மரக்கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கிக்கொள்ளலாம். தில்லியில் கீர்த்தி நகர்ப் பக்கம் மரக்கடைகள் நிறைய உண்டு. கடைக்குப் போகுமுன் அளவைத் தாளில் எழுதிக்கொள்வது அவசியம். அடி, அங்குலம் என்று எழுதியவர் கடையில் சென்டிமீட்டரில் பேசினால் பலகை குட்டையாகத்தான் வீடு வந்து சேரும்.

முதலில் புத்தக அடுக்கு. இதற்கான மூலப்பொருள் பல தமிழ் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. நவராத்திரிக் கொலுவுக்கென்று வாங்கிய பலகைகளையே சொல்கிறோம். ஆண்டில் பத்து நாள் பொம்மைகளைத் தாங்கிவிட்டு, மீதி நாளெல்லாம் பரணிலோ கட்டிலடியிலோ தூசி படிந்து கிடக்கும் பலகைகள் அவை. ஐந்து படிக்கு ஐந்து பலகை. ஒவ்வொன்றும் 5 அடி நீளம், 10 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம் இருந்தால் நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனி வேண்டுவது செங்கல்.

நாட்டுச் செங்கல் ஏறத்தாழ 9 அங்குல நீளமும், நாலரை அங்குல அகலமும், 3 அங்குல உயரமும் உள்ளது; எடை 3 கிலோவை ஒட்டி இருக்கும். செங்கலின் நீளம் சுவரை நோக்கி இருக்குமாறு மூன்று இடங்களில், இரு முனைகளிலும் நடுவிலும், ஒவ்வொரு செங்கலைத் தரையில் வைத்து, அதன்மேல் முதற்பலகையை இடுக. அந்தப் பலகைமேல், கீழ்ச்செங்கற்களுக்கு நேர் மேலாக, நந்நான்கு செங்கற்களை அடுக்கி இரண்டாம் பலகையை வைக்க. அவ்வாறே மூன்றாவது. தட்டுக்குத் தட்டு 12 அங்குல இடைவெளி கிடைக்கும். பெரும்பாலான புத்தகங்களுக்கு அது போதும். இதற்கு 27 செங்கல் செலவாகிறது. மொத்த உயரம் இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைவு. இதற்குமேல் ஏற்றவேண்டா. ஆணியோ சாந்தோ இல்லாமல் எடையால் மட்டுமே நிற்கும் அடுக்கு இது. தவழ்ந்து எழும் குழந்தை பலகையைப் பற்றிக்கொண்டு ஏறப் பார்க்கும். தாழ்ந்த அடுக்கே அச்சமற்றது. மீதி இரண்டு பலகைகளையும் 15 செங்கற்களையும் கொண்டு வாயிலருகே செருப்புக்கும் குடைக்கும் வேறொரு குட்டை அடுக்கு அமைக்கலாம்.

நடுவில் ஏன் ஒரு தாங்கல் என்று கேட்கத் தோன்றும். நெருக்கமாக அடுக்கிய புத்தகங்கள் ஓர் அடி நீளத்துக்கு 7, 8 கிலோ வரை கனக்கும். பலகை வளைவது இந்த எடையால் மட்டுமன்று, தாங்கல்களின் இடைவெளியால். இடைவெளி இருமடங்கானால் வளைவு பதினாறு மடங்காகிறது. கனம் இருமடங்கானாலோ வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆதலின் முக்கால் அங்குலப் பலகைக்கு இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் கட்டாயம் வேண்டும். அப்படியும் ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்த பலகை சற்றே தொய்யும். அங்கேதான் கொலு கைகொடுக்கிறது. நவராத்திரியில் பலகைகளை எடுத்துப் படி கட்டிவிட்டுத் திரும்ப அடுக்கும்போது, மேற்புறத்தைக் கீழாகத் திருப்பிப் போடுங்கள். போன ஆண்டின் தொய்வை இந்த ஆண்டின் பாரமே நிமிர்த்திவிடும். கொலுவுக்குச் செங்கல் போதாத மேற்படிகளை வழக்கம்போல டிரங்குப் பெட்டிகள் தாங்கட்டும். அந்தப் பத்து நாள் புத்தகங்கள் மூலையில் குவிந்திருப்பது பற்றிப் பெரியவர்கள் முணுமுணுக்கலாம். சரஸ்வதி பூசையன்று புத்தகத்தைத் தொடக்கூடாது என்னும் விதியை மிகுந்த பக்தியோடு கடைப்பிடிக்கும் சிறுவர்கள் முணுமுணுக்கமாட்டார்கள்.

செங்கல்லின் சிவப்புத் தூள் சுவரிலும் துணியிலும் ஒட்டும். ஒவ்வொன்றையும் கழுவி வெயிலில் நன்கு காயவைத்து, பழைய புடவைத் துணியில் பொட்டலம் கட்டுவதுபோல் சுற்றித் தைத்துவிட்டால் பார்வைக்கும் நன்றாயிருக்கும். அடுக்குக்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி விடுக. தரைத்தள வீடுகளில் கரையான் மண்கோடு இழுத்துக்கொண்டு செங்கல் வழியே பலகைக்கு ஏறும். இடைவெளி இருந்தால் அந்தக் கோடு கண்ணிற்படும். மாதம் ஒருமுறை பார்த்தாற் போதும். கபாடிக் கடையில் பழைய பலகை வாங்குவோர், அதில் ஊசிமுனைத் துளைகளும் மாவுபோன்ற தூளும் இருக்கின்றனவா என்று தட்டிப் பார்க்கவேண்டும். உளுத்த மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மரமும் கெடும்.

மாற்றல் உத்தரவு வரும்போது செங்கற்களை அங்கேயே விட்டுவிடலாம். எந்த ஊரிலும் செங்கல் உண்டு. பலகைகள் மட்டும் பயணம் செய்யட்டும்.

கட்டிலடிப் பெட்டிகளுக்கு வருவோம். அவை இருப்பது குற்றமன்று. இழுக்கமுடியாமல் இருப்பதே குற்றம். இழுக்க இயலாததால் அங்கே துடைப்பம் போகாது. ஈரத்துணியால் தரை துடைக்கும்போது தகரத்தின் அடியில் நீர் தங்கித் துருப்பிடிக்கும். பெட்டியின் அளவுக்குச் சற்றுப் பெரிய பலகை ஒன்றின் நான்கு மூலைகளிலும், இரும்புக்கடையில் கிடைக்கும் சிறு உருளைச்சக்கரங்களைத் திருகாணியால் பொருத்தி, ஒரு பக்கத்தில் துளையிட்டுக் கயிறு கோத்துவிடுங்கள். தேர்போல வெளியே வரும். முன்னதாகக் கட்டிலின் அடிச்சட்டத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளக்கவேண்டும். சக்கரம், பலகை இரண்டுமாக ஏறத்தாழ 3 அங்குலம் எடுத்துக்கொள்ளும். பெட்டிக்கு மேல் ஓர் அங்குலமாவது காலியிருக்கவேண்டும். உயரம் போதாவிட்டால் கட்டிற்கால்களின் அடியில் மரக்கட்டைகளைக் கொடுத்து உயர்த்தலாம். ஆனால் கால் வழுக்கிவிடாதபடி கட்டையின் மேற்புறத்தில் கால் அமரும் அளவுக்குக் குழி தோண்டியிருப்பது இன்றியமையாதது.

சுவரைப் பற்றி வீட்டுக்காரரோடு பேசவேண்டியிருக்கும். அவர் அஞ்சுவது சுத்தியை. சட்டைக்கு ஓர் ஆணி, நாட்காட்டிக்கு ஓர் ஆணி என்று பன்னிரண்டு ஆணி அடித்துப் பூச்சு உதிர்ந்த சுவரை அவர் முன்பு பார்த்திருப்பார். மூன்றடி நீளமும் நான்கு அங்குல அகலமும் உள்ள ஒரே சட்டத்தில் ஆறு கொக்கிகளைப் பொருத்தி, அந்தச் சட்டத்தை இரண்டே துளைகளால் சுவரில் நிறுத்துவோம் என்று சொன்னால் பெரும்பாலோர் இசைவார்கள். துளை மின்துளைக்கருவியால் இடப்படவேண்டும். சுவரின் மேற்பூச்சு அரை அங்குலத்தை ஒட்டித்தான் கனம். அது பாரம் தாங்காது. துளை அதைக் கடந்து செங்கல்லுக்குள் இரண்டு அங்குலம் செல்லவேண்டும். 8 மில்லிமீட்டர்த் துளை, அதே அளவுள்ள பிளாஸ்டிக் உறை, அதற்கேற்ற நீண்ட திருகாணி என்பது பொருத்தம். மின்விசைப் பலகைக்கு நேர் மேலும் நேர் கீழும் பக்கவாட்டிலும் துளை இடவே கூடாது. பூச்சுக்குள் மின்கம்பிக் குழாய் பெரும்பாலும் அந்த வழியேதான் செல்கிறது. வேலை தொடங்குமுன் அந்த அறைக்கான மின்சாரத்தை நிறுத்துவது நன்று. பக்கத்து அறையிலிருந்து கருவிக்கு மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் இசையாவிடில், கதவின் மேல்விளிம்பில் மாட்டக்கூடிய வளைந்த தகட்டுக் கொக்கிகள் உண்டு. அவற்றுக்குத் துளையே வேண்டா.

சமையலறையில் நமது அஞ்சறைப்பெட்டியை மிஞ்சும் ஏற்பாடு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றே எண்ணுகிறோம். குறை அங்கே அன்று. ஆழமான தட்டின் பின்வரிசை டப்பாக்களில் இருக்கிறது. துவரம்பருப்பு இருப்பது தெரியாமல் மீண்டும் துவரம்பருப்பு வாங்கிவருகிறோம். ஓராண்டுக்குப் பின் வண்டு பிடித்த பழைய பருப்பு வெளிப்படுகிறது. தட்டின் பின்பாதியில் 4 அங்குல உயரமுள்ள கட்டைகள்மேல் ஒரு குறும்பலகையை வைத்தால், பின்வரிசை முன்வரிசையைத் தாண்டித் தலைகாட்டும். இதுவும் ஒரு கொலுப்படிதான்.

இனி ரஜாய். தமிழ்நாட்டிலிருந்து வருவோருக்கு இது புதிய பிரச்சினை. நான்கு மாதம் உயிர்காக்கும் பொருள், எட்டு மாதம் இடத்தை அடைக்கும் பூதமாகிறது. பலர் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டையை அள்ளித் தூவுகிறார்கள். அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளியையும் பட்டையும். பஞ்சை அது தேடுவதில்லை. பஞ்சு ரஜாய்க்குப் பகை ஈரம். மழை தொடங்குமுன், மே மாத வெயிலில் இரண்டு நாள் இருபுறமும் காயவைத்து, சூடு ஆறியபின் பழைய வேட்டியில் தைத்த உறைக்குள் இட்டுக் கட்டினால் போதும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்க்கும். ஆவணி, புரட்டாசியில் மழை ஓய்ந்த ஒரு நாள் மீண்டும் வெயில் காட்டவேண்டும். அந்துருண்டையைக் கம்பளி உடைகளோடு மட்டும், துணி முடிச்சில் கட்டி வைக்கலாம். கைக்குழந்தையின் போர்வையோடும் உடையோடும் அதை வைக்கலாகாது. பிறவியிலேயே இரத்தத்தில் ஒருவகை நொதிக் குறைவுள்ள குழந்தைகளுக்கு அந்த வாடை இரத்த அணுக்களைச் சிதைத்து உயிருக்கே ஆபத்து விளைவிக்கும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைவு உண்டென்று முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது. பட்டுப்புடவைகளை வெள்ளைப் பருத்தித்துணியில் சுற்றி, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிவைத்தால் சரிகை மடிப்பில் முறியாது.

குளிர்காலத்தில் கதவின் அடியிடுக்கு வழியே வரும் காற்று கத்திபோல் அறுக்கும். கோடையில் அதே இடுக்கு வழியாகப் புழுதி வரும். கதவின் அகலத்துக்குச் சமமான நீளமும் மூன்று அங்குலப் பருமனும் உள்ள நீண்ட பையைக் கனமான துணியில் தைத்து, உலர்ந்த மணலை நிரப்பி, கதவோரம் கிடத்துங்கள். அரைமணி நேர வேலை. இரண்டு பருவத்துக்கும் உதவும். ஆனால் இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாகவேண்டும். மணற்பையால் அடைத்த அறையில் அங்கீட்டி எனப்படும் கரிக்கணப்பை ஒருபோதும் வைக்காதீர்கள். காற்று போதாமல் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு எழுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, இருமலும் வராது. உறங்கியவர் உறங்கியபடியே மாள்கிறார். குளிர்காலந்தோறும் வடநாட்டுச் செய்தித்தாள்களில் இத்தகைய மரணங்களைப் படிக்கிறோம். நம்மவர்க்குக் கணப்பு பழக்கமில்லாததால் ஆபத்தும் தெரிவதில்லை. குளியலறையில் எரிவாயு வெந்நீர்க்கலம் இருந்தாலும் இதே விதி: அங்கே காற்றுப்புழையை அட்டை வைத்து அடைக்கவே கூடாது.

கோடைக்கு நீர்க்குளிரூட்டியான கூலர். அது நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது. ஆகையால் மே, ஜூன் மாதங்களின் வறண்ட காற்றில் அற்புதமாக வேலை செய்கிறது. மழை வந்தபின் வெறும் புழுக்கத்தையே தருகிறது. கூலருக்கு எதிர்ப்புறச் சாளரம் சற்றே திறந்திருக்கவேண்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டு, குளிரவில்லையே என்று கூலரைக் குறைசொல்வோர் பலர். இயந்திரம் வேண்டாதவர்கள், நம்மூர் வெட்டிவேரால் முடைந்த தட்டியைச் சாளரத்தில் தொங்கவிட்டு நீர் தெளித்துவரலாம், மணம் இலவசம்.

கூலரின் தொட்டி டெங்குக் கொசுவுக்கு உகந்த வீடு. 1996-ஆம் ஆண்டில் தில்லியில் 10,000-க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுற்று, 400-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2015-இலும் அது பெருகிப் பரவியது. முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகிறது. எனவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டித் தொட்டியைக் காயவிடுதல் முறை. கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தொட்டியின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும், தேய்த்துக் கழுவவேண்டும். வீட்டுக்குள் நீர் பிடித்துவைக்கும் டிரம்முக்கு மூடியில்லையெனில், நெருக்கமான நெசவுள்ள பழைய வேட்டியை டிரம்மின் வாயைவிட முக்கால் சாண் பெரிதாக வட்டமாக வெட்டி, விளிம்பை மடித்துத் தைத்து, அதனுள் மீள்நாடாவைக் கோத்துவிட்டால் இறுக்கமான மூடி ஆகிவிடும். துணி தண்ணீரில் படாதபடி இழுத்துக் கட்டுக.

தில்லியின் பழைய அரசுக் குடியிருப்புகள் பலவற்றில் சிறு முற்றமாவது இருந்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய ஏழு குடியிருப்புகளைப் புதுப்பித்துக் கட்ட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது; முற்றத்தின் இடத்தைப் பலமாடிக் கட்டடங்களின் பால்கனி பெறுகிறது. பால்கனியில் சாமான் குவிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: கைப்பிடிச் சுவரையொட்டிப் பெட்டியோ முக்காலியோ வைக்காதீர்கள். குழந்தைக்கு அது படிக்கட்டு.

மாற்றல் உத்தரவு வந்ததும் முதலில் கழற்ற வேண்டியது கொக்கிச் சட்டம். திருகாணிகளையும் உறைகளையும் ஒரு சிறு புட்டியிலிட்டுச் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். தனியே போட்டால் புது ஊரில் கிடைக்காது. சுவரின் இரு துளைகளையும் தூசி ஊதி, நீர் தெளித்து ஈரமாக்கி, வெள்ளைச் சிமெண்டைக் கெட்டியாகக் குழைத்து அடைக்கவேண்டும். காய்ந்ததும் சற்று உள்வாங்கும்; மறுநாள் இன்னொரு பூச்சுப் பூசி உப்புத்தாளால் தேய்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்கலாம்.